மகாராஜனின் கடைசி லைவ்

தூத்துக்குடி
8.7.2024

அன்பு மருமகள் முத்துச்செல்விக்கு உன் மாமா நயினார் எழுதுவது.

இங்கன நான், அத்தை பிரேமா, உன் அம்மா மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். நீ வால்பாறை போய்ச் சேர்ந்தது உன் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுத்தான் தெரிஞ்சுது. உன் செல் அணைஞ்சு கிடக்கு. கிடக்கட்டும். அந்தச் சேதி வந்த போனை மறுபடி காதுல வைக்க யாருக்குத்தான் மனசு வரும். அதான் லெட்டர் போடுதேன். எட்டாங்கிளாஸ்ல என் கையெழுத்தைப் பார்த்துட்டு இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டார். அதோட படிப்பை நிறுத்தினதுதான் நான் செஞ்ச தப்புன்னு ஊர்ல இன்னும் பேசுதாங்க.

மாப்பிள்ளை மகாராஜனுக்குப் பதினாறாம் நாள் விசேஷம் எப்படி நடந்துச்சுன்னு நீ பார்க்கல. ரூமுக்குள்ளேயே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த. அதனால எழுதுதேன். இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு விசேஷம் நடந்ததில்லை. கன்டெய்னர் யார்டுல அவன்கூட வேலை பார்த்தவங்க மட்டும் ரெண்டு பஸ் வந்தாங்க. ஒரு பஸ்தான்னு அத்தை சொல்லுதா. அவ எண்ணலை.

அஸ்தியைத் திருச்செந்தூர்ல கரைக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அவன் போன்ல இருந்த சிம்மைக் கழட்டி, கலயத்துல போட்டுக் கடல்ல விட்டுட்டேன். அவன் நம்பர் அவனோடயே போகட்டும். பக்கத்துல நின்ன ஐயர் அசந்துட்டார். இதுவரைக்கும் யாரும் இப்படிச் செஞ்சதில்லைன்னார்.

அப்புறம் சடங்கு செஞ்ச சொரிமுத்துக்கு வழக்கப்படி அவன் துணி, பாய், செருப்பு, குடை குடுத்தோம். நான் அதோட நிக்கல. போனையும் குடுத்தேன். மனுசன் ராத்திரி பகல் கையில வச்சிருந்தது அதுதானே, அதை விட்டுட்டு செருப்பைக் குடுத்தா எப்படி. சொரிமுத்து கண் கலங்கிட்டான். அவன் மக பாலிடெக்னிக்ல படிக்கா. மறுநாளே எனக்குப் போன் போட்டு, மாமா, இதுல அண்ணன் பேஸ்புக் அப்படியே இருக்கு, பார்க்கவே சங்கடமா இருக்கு, எடுக்கப் போனா பாஸ்வேர்டு கேக்குதுன்னா. அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? வண்டி நம்பர். சொல்லிக் குடுத்தேன். முழுசா அழிச்சுட்டா. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக்கே நான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு, பாத்துக்கோ.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்க குளிர்ல சோறு ஆறிப்போகும், சூடு பண்ணிச் சாப்பிடு.

உன் மாமா
நயினார்

*

வால்பாறை
15.7.2024

மாமாவுக்கு வணக்கம். அம்மா, அத்தை, நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பது அறிந்தேன். நானும் இருக்கிறேன். இங்கே விடாமல் மழை. குடையோடு பள்ளிக்குப் போகிறேன், வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சொரிமுத்து அண்ணன் மகள் என் கணவரின் கணக்கிலிருந்து வெளியே வந்தாளா, அல்லது கணக்கையே அழித்தாளா? இரண்டும் வேறு.

அவர் இறப்பதற்கு முந்தின சாயங்காலம் பேஸ்புக்கில் லைவ் போட்டிருக்கிறார். துஷ்டி கேட்க வந்தவர்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். உன்னைப் பற்றிப் பேசினார் என்றார் ஒருவர். இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். நான் பார்க்கவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வா என்று அவரும், முடியாது என்று நானும் சண்டை போட்டிருந்தோம். அதில் நான் அவரை பிளாக் செய்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பைபாஸில் லாரி.

இங்கே வந்ததும் ஒரே ஒரு தடவை போனைத் திறந்தேன். பிளாக்கை எடுத்துவிட்டு அவர் பெயரைத் தேடினேன். வரவில்லை. அணைத்து வைத்துவிட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முத்துச்செல்வி

*

தூத்துக்குடி
22.7.2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதாசி வந்துச்சு. வாசிச்சுட்டு உன் அம்மாகிட்ட, பிள்ளை சௌக்கியமா இருக்கான்னு மட்டும் சொன்னேன். இங்க எல்லார்க்கும் சௌக்கியம். அத்தைக்கு மட்டும் முட்டுவலி, அது அவ கூடப் பிறந்தது.

சொரிமுத்து மக அழிச்சது உண்மை. நீ ஒண்ணும் நினைக்காத. ஏளா, பேஸ்புக்குங்கது ஒரு பெரிய குடோன். நான் தோணிக்குச் சரக்கு ஏத்துதவன், குடோனைப் பத்தி எனக்குத் தெரியாததா. உள்ள போன சரக்கு எங்கயும் போகாது. ஷட்டரை இறக்கியிருக்கான், அவ்வளவுதான். திறக்கச் சொல்லுத ஆளு சொன்னாத் திறப்பான்.

நேத்தே அந்தப் பிள்ளையை என் கடைக்கு வரச் சொன்னேன். பழையபடி உள்ள போக முயற்சி பண்ணினா. நானும் ரெண்டு மூணு தடவை பண்ணினேன். என் விரல் கொஞ்சம் தடி, வண்டி நம்பரை மாத்தி மாத்தி அடிச்சுட்டேன் போல. இப்போ பாஸ்வேர்டு மட்டும் போதாது, அவன் நம்பருக்கு ஓடிபி கோடு ஒண்ணு அனுப்புவேன், அதைச் சொல்லுங்குது. நம்பர் திருச்செந்தூர்ல கிடக்கு.

உடனே நம்ம கிளைட்டன் கடைக்குப் போனேன். செல் ரிப்பேர்ல தென்பாண்டிச் சீமையிலேயே அவனுக்கு நிகர் கிடையாது. அவன் சொல்லுதான், அண்ணாச்சி, இதைச் செய்ய வேற ஆளு இருக்குன்னா அது நீங்கதான்னு. கிண்டலாச் சொன்னானோ என்னமோ, ஆனா சொன்னான்.

நீ கிளம்பி வரணும்னு யோசிக்காத. இந்த மழையில மலை இறங்கி பஸ் மாறி மாறி எதுக்கு. எல்லாம் என் கையில. ஒரு வாரம்.

மாமா

*

வால்பாறை
29.7.2024

மாமாவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள். அத்தை முட்டுக்கு ஒத்தடம் கொடுக்கட்டும். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டர் சார் ஜெபினிடம் யாரோ தெரிந்தவர் விஷயம் என்று சொல்லிக் கேட்டேன். அழித்த கணக்கு ஒரு மாதம் வரை அப்படியே இருக்குமாம். அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். மாதம் தாண்டினால் யாராலும் எடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது என்றார். கோடு வர அதே நம்பரில் வேறு சிம் வாங்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழோடு மனைவி நேரில் வர வேண்டியிருக்கலாம்.

லீவு விண்ணப்பம் எழுதிவிட்டேன். மேஜையில் இருக்கிறது. தினமும் அதைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

வர வேண்டுமென்றால் பள்ளிக்குப் போன் செய்யுங்கள். வந்துவிடுகிறேன்.

முத்துச்செல்வி

*

தூத்துக்குடி
9.8.2024

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

நாங்க சுகம். உன் சுகத்துக்குத்தான் அத்தை கந்தசஷ்டி வரைக்கும் செவ்வாய்க்கிழமை பட்டினின்னு கிளம்பியிருக்கா. மத்தியானம் மட்டும் கொஞ்சம் சாப்பிடுவா.

உன் கடிதாசி மழையில நனைஞ்சு, லேட்டா முந்தாநாள்தான் வந்துச்சு. அதனால போன் பண்ணல. பண்ணியிருந்தாலும் வராதன்னுதான் சொல்லியிருப்பேன். சிம் கம்பெனி ஆபீசுக்கு நானே போனேன். மேனேஜர் என்னைக் கண்டதும் ஏசியைக் கூட்டி வச்சு காப்பி வாங்கிக் குடுத்தார். சம்சாரம் வரணும், அந்தப் பேப்பர் வேணும், இந்தப் பேப்பர் வேணும்னார். பேச்சுக்குத்தான்.

ஒரு மாசம்னு உங்க கம்ப்யூட்டர் சார் சொல்லுதது எல்லாம் வெளியாளுக்குச் சொல்லுத கணக்கு. துறைமுகத்துலயும் அப்படித்தான். இத்தனை நாளைக்குள்ள சரக்கு எடுக்கலன்னா ஏலம்னு போர்டு போட்டிருப்பான். ஏலமா விட்டான்? ஆளைப் பார்த்தா எடுத்துக் குடுப்பான். மாலத்தீவுக்குப் போற தோணியில தனராஜ்னு ஒரு தண்டல் இருக்கான், தோணியை ஓட்டுதவன், என் கடையில கயிறும் அரிசியும் எடுக்கவன். அவனுக்கு அங்கன ஒரு ஓட்டல்காரனைத் தெரியும். அந்த ஓட்டல்ல பேஸ்புக் கம்பெனியோட பெரிய ஆளு வந்து தங்குவானாம். தனராஜ் நாளைக் கழிச்சு கிளம்புதான். மகாராஜன் போட்டோவும் பேரும் எழுதிக் குடுத்திருக்கேன்.

நீ விண்ணப்பத்தை மேஜையிலேயே வை. மனசைத் தளர விடாத.

மாமா

*

தூத்துக்குடி
2.9.2024

அன்பு மருமகளுக்கு,

ஒரு மாசமா உன்கிட்ட இருந்து எழுத்தே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன், டீச்சர் கிளாஸ்ல இருக்காங்கன்னாங்க. கிளாஸ்ல இருந்தா சரி. உன் அம்மா, என் பிள்ளை என்ன எழுதியிருக்கான்னு தினம் கேக்கா. மழை ஜாஸ்தி, தபால் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்போ சந்தோஷச் சேதி. கிடைச்சுட்டு.

தனராஜ் வழியாப் போய், அங்கிருந்து ஒருத்தன் போன்லயே வழி சொல்லி, கிளைட்டன் கடையில பின்னால இருக்க ரூம்ல வச்சு நான் பார்த்தேன். கதவைச் சாத்திட்டுப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கு. உங்க கல்யாண போட்டோ, குற்றாலம் போனது, யார்டுல கிரேன் பக்கத்துல நின்னது. அந்த லைவும் இருக்கு.

மாப்பிள்ளை கடற்கரையில உக்காந்திருக்கான். பின்னால சூரியன் இறங்குது. வெள்ளைச் சட்டை. முகத்துல அப்படி ஒரு சாந்தம். சொல்லுதான்: "செல்வி, என் கண்ணே, நீ என்மேல கோவமா இருக்க. ஆயிரம் கப்பலைக் கட்டிப் போட்ட துறைமுகத்துல வேலை பார்க்கேன், உன் கோவத்தைக் கட்டிப் போட எனக்குத் தெரியலையே. என் தப்புதான். நீ அங்கயே இரு, நான் வாரேன்." சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். பார்த்துக்கிட்டிருந்த கிளைட்டனே அழுதுட்டான்.

ஆக அவன் மனசுல உன்மேல ஒரு துளி வருத்தம் இல்ல. இனி நீ நிம்மதியா இருக்கலாம். நல்லாச் சாப்பிடலாம்.

மாமா

*

வால்பாறை
17.9.2024

மாமாவுக்கு,

நீங்கள், அத்தை, அம்மா எல்லோரும் நலம்தானே. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் இல்லை. தாளை எடுத்து வைப்பேன். பிறகு மணி அடித்துவிடும்.

கிடைத்தது என்று எழுதியிருந்ததை வாசித்தேன். வீட்டு மாடியிலிருந்து போட்டதாகத்தான் துஷ்டிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். கடற்கரையிலா? சரி.

என்னைப் பெயர் சொல்லியா கூப்பிட்டார்?

காலாண்டு லீவு வருகிறது. தூத்துக்குடிக்கு வருகிறேன். கிளைட்டன் கடையில் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். தபால் ஒழுங்காகத்தான் வருகிறது.

முத்துச்செல்வி

*

தூத்துக்குடி
24.9.2024

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் சுகம். அவசரமா எழுதுதேன்.

நீ இந்த லீவுக்கு வராத. இங்க வெயில் ஆளைக் கொல்லுது, உப்பளத்துல வேலை பார்க்கவங்களே மயங்கி விழுதாங்க. கிளைட்டன் வேற கடையைப் பூட்டிட்டு வேளாங்கண்ணிக்குப் போயிட்டான். அந்தக் கணக்கும் எப்பவும் தெரியாது. ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. அலை மாதிரி. நான் பார்த்த அன்னைக்குத் தெரிஞ்சுது. கடற்கரைன்னு நான் சொன்னது மாடியில இருந்து பார்த்தாத் தெரியுத கடற்கரை. பேர் விஷயம், காத்துச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல.

அரையாண்டுக்கு வா. அத்தை உனக்குன்னு மிளகாய் வத்தல் காயப் போட்டிருக்கா.

மாமா

*

வால்பாறை
3.10.2024

மாமாவுக்கு,

நலம். நலமாக இருங்கள்.

லீவுக்கு நான் வரவில்லை. பயப்பட வேண்டாம். விடைத்தாள் திருத்த இங்கேயே இருந்துவிட்டேன். விடுதியில் பிள்ளைகள் யாரும் இல்லை. சத்தமில்லாமல் இருக்கிறது.

கணக்கைத் தேடி இனி யாரையும் பார்க்கப் போக வேண்டாம், மாமா. உங்களுக்கு அலைச்சல்.

முத்துச்செல்வி

*

தூத்துக்குடி
5.11.2024

முத்துச்செல்விக்கு,

இங்க மூணு பேரும் இருக்கோம். நீ கடிதாசி எழுதி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். அதை எடுத்துப் பார்த்துட்டு அத்தை, முதல்ல அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும்னா.

தீபாவளிக்கு ஜீவமணி ஊருக்கு வந்திருந்தான். மகாராஜனோட யார்டுல இருந்தவன், மாப்பிள்ளை இறந்த மறு வாரமே சென்னைப் பக்கம் துறைமுகத்துக்கு வேலை மாறிப் போயிட்டான், உனக்குத் தெரியும். அன்னைக்கு அந்த லைவைப் பார்த்தவங்கள்ல அவனும் ஒருத்தன்னு கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். அவன் சொன்னதை அவன் வாயில வந்தபடியே எழுதுதேன். முந்தி நான் எழுதின கடற்கரை, சூரியன் எல்லாத்தையும் நீ கிழிச்சுப் போட்டுரு.

"என்ன பேசினான்னு கேக்கியளா அண்ணாச்சி? ரூம்ல பேன் ஓடலன்னு பேசினான்."

"வேற?"

"பேன் ஓடலன்னுதான். கட்டில் மேல ஏறி நின்னு போனைத் தூக்கிக் காட்டினான். இந்தா பாருங்க, கையால சுத்தி விட்டா ஓடுது, விட்டா நிக்குது, யாராவது நல்ல மெக்கானிக் இருந்தா சொல்லுங்கன்னான். பாத்துக்கிட்டிருந்தது நாங்க ஏழெட்டுப் பேர். முதல்ல கரண்ட் பில்லைக் கட்டுலேன்னு ஒருத்தன் எழுதினான். அதுக்குச் சிரிச்சான்."

"பிள்ளையைப் பத்தி ஒண்ணுமே பேசலையா?"

ஜீவமணி சொன்னான். "நான்தான் எழுதிக் கேட்டேன், டீச்சர் எங்கலேன்னு. அதை வாசிச்சான். டீச்சர் பாக்க மாட்டாங்கலே, என்னைய பிளாக் பண்ணி வச்சிருக்காங்கன்னான்."

"எப்படிச் சொன்னான்? வருத்தமாவா?"

"எப்படின்னா? சும்மா சொன்னான். சட்டை இல்லாம பனியனோட நின்னான், வேர்த்து வடியுது. அதுக்குள்ள கீழ பெல் அடிச்சுது. தண்ணிக் கேன்காரன் வந்துட்டான், வைக்கேன்னு சொல்லிட்டு வச்சுட்டான். அவ்வளவுதான் அண்ணாச்சி."

நான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். அவன் அழுதானா, உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னானா, வாரேன்னு சொன்னானா. ஒண்ணும் இல்ல. அந்தக் கணக்கும் இல்ல. தனராஜ் மாலத்தீவுல வெங்காயம் இறக்கிட்டு வந்துட்டான், யாரையும் பார்க்கல.

இதை அனுப்பவா வேண்டாமான்னு இருந்தேன். அனுப்புதேன்.

நயினார்

*

வால்பாறை
14.11.2024

மாமாவுக்கு,

அம்மாவும் அத்தையும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள். இங்கே மழை நின்று பனி தொடங்கியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் வாசித்தேன். சாயங்காலம் மறுபடி வாசித்தேன். இதுதான் அவர் பேச்சு. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சண்டையில்கூட டீச்சர்தான். அந்தப் பேனைப் பற்றி மார்ச் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று நான் சொன்னால், கூப்பிட்டேன், வரவில்லை என்பார். கூப்பிட்டிருக்க மாட்டார்.

ஜீவமணி அண்ணன் ஊரில் இருந்தால் இன்னும் ஒன்று கேட்டு எழுத வேண்டும். கேனைத் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு மறுபடி லைவ் போட்டாரா, இல்லை அதோடு சரியா? மெக்கானிக் நம்பர் யாராவது கொடுத்தார்களா?

ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள்.

முத்துச்செல்வி